மூன்று மடிப்பில் ஒரு மலர்

சதுரமான காகிதம் ஒன்றை எடுத்து, ஒரு மூலையை அதன் எதிர் மூலையோடு பொருத்தி முக்கோணமாக மடித்து, அந்த முக்கோணத்தின் அடியிலுள்ள இரு முனைகளையும் உச்சிக்கு இருபுறமும் சற்று விலகி நிற்குமாறு மேலே தூக்கி மடித்துவிட்டால், மூன்று இதழ் விரித்த துலிப் மலர் ஒன்று கையில் இருக்கும். மடிப்புகள் மூன்றே, கத்தரிக்கோலும் பசையும் வேண்டியதில்லை. குழந்தைகளுக்குக் காகித வேலை கற்பிப்பதில் நெடுங்காலம் ஈடுபட்டிருக்கும் எனக்கு, ஜப்பானியரின் ஒரிகாமிக் கலையில் உருவான நுட்பமான சிருஷ்டிகளின்மீது மிகுந்த மதிப்பு உண்டென்றாலும், ஐந்தாறு வயதுக் குழந்தையின் கையில் முதன்முதலாக வைக்கத் தக்கது இந்த எளிய மலரேயன்றி வேறொன்றும் இல்லை என்பது உறுதியான அபிப்பிராயம்.

எளிமை மட்டும் இதற்குக் காரணமன்று. கொக்கு மடிக்கையில் தொடக்கத்தில் நேரும் நூலளவு விலகல், மடிப்புக்கு மடிப்பு பெருகிச் சென்று, கழுத்தும் வாலும் ஒடுங்கவேண்டிய இடத்தில் காகிதத்தைக் கசக்கிவிடும். அந்த இடத்திலேதான் குழந்தையின் ஊக்கமும் குன்றிவிடுகிறது. மலருக்கோ அந்த நிர்ப்பந்தம் இல்லை. ஒரு முனை உயர்ந்தும் மற்றொன்று தாழ்ந்தும் போனால், அது பாதி விரிந்த மலராகவோ, காற்றில் ஒருபக்கம் சாய்ந்த மலராகவோ தோன்றுமே தவிர, மலரல்லாத ஒன்றாக ஆகிவிடுவதில்லை. செடியில் பூக்கும் பூக்களும் அச்சில் வார்த்தாற்போல ஒன்றையொன்று ஒத்திருப்பதில்லையே!

ஆயினும் அந்த மூன்று மடிப்புக்குள் இக்கலையின் அடிப்படை முழுவதும் அடங்கியிருக்கிறது. காகிதத்தை மேசைமேல் வைத்து, தன் பக்கமுள்ள மூலையைத் தன்னைவிட்டு அப்பால் கொண்டுபோய் எதிர் மூலைமேல் படியவைக்க வேண்டும். அப்படிச் செய்தால் இரு மூலைகளும் சேரும் இடம் கண்ணுக்கு நேரே தெரியும். சேர்ந்த மூலைகளை ஒரு கையின் விரலால் அழுத்திக்கொண்டு, மறு கையின் விரலை மடிப்பின் நடுவில் வைத்து, அங்கிருந்து இருபுறமும் தேய்த்துச் செல்ல வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் மூலை சேருமுன்பே தேய்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். ‘மூலைகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டனவா?’ என்று கேட்டுவிட்டுச் சற்றே காத்திருந்தால், குழந்தை தானே குனிந்து பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும்.

காகிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 15 சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டி, ஒருபுறம் மட்டும் வர்ணம் ஏற்றி விற்கும் தாள்கள் மிக உத்தமமானவை. எது உட்புறம், எது வெளிப்புறம் என்பதை நிறமே குழந்தைக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். தடித்த அட்டை பிஞ்சு விரலுக்கு வளையாது. சுருக்கமுள்ள கிரேப் காகிதத்தில் மடிப்பு நிற்பதே இல்லை. தினமும் கிழித்தெறியும் நாள்காட்டித் தாளோ மெல்லியதாய், மடிப்பை நன்றாக ஏற்பதாய், செலவில்லாததாய் இருக்கிறது. நீள்சதுரமான அதன் ஒரு மூலையை எதிரிலுள்ள நீண்ட ஓரத்தின்மேல் படியுமாறு மடித்து, எஞ்சி நிற்கும் பட்டையை நீக்கிவிட்டால், அளவுகோலின்றியே சதுரம் கிடைத்துவிடும்.

மலருக்குத் தண்டு வேண்டும் என்று கேளாத குழந்தையை நான் கண்டதில்லை. பச்சைச் சதுரம் ஒன்றில் மூலைவிட்டத்தை மடித்துப் பிரித்து, ஒரு மூலையின் இரு ஓரங்களையும் அந்தக் கோட்டின்மேல் படியவைத்தால் பட்டத்தின் வடிவம் வரும். எதிர் மூலையிலும் அவ்வாறே செய்தால் நீண்ட சாய்சதுரம் ஆகும். அதைக் குறுக்கே பாதியாக மடித்து, பிறகு நெடுக்கே ஒருமுறை மடித்து, ஒரு பாதியைச் சற்று வெளியே இழுத்துவிட்டால், ஒன்று தண்டாகவும் மற்றொன்று இலையாகவும் நிற்கும். இந்தச் சிறு வேலைக்குள் 90 பாகை மூலை 45 பாகையாகக் குறுகிவிடுகிறது. கோணத்தை இரு சமபாகமாக்கும் வித்தையை, அதன் பெயர் அறியுமுன்பே குழந்தையின் விரல்கள் அறிந்துகொள்கின்றன.

இதைக் கணித சாஸ்திரமாகவே விரித்துக் காட்டியவர் தண்டலம் சுந்தரராவ் என்பவர். காகித மடிப்பினாலேயே ஜியோமிதியைப் பயிற்றும் அவருடைய ஆங்கில நூல் 1893-இல் சென்னையில் வெளிவந்தது. 1901-இல் சிகாகோவிலும் பதிப்பிக்கப்பட்டது. குழந்தைத் தோட்டக் கல்வியைத் தோற்றுவித்த ஜெர்மானியர் ஃப்ரோபெலின் முறையைச் சார்ந்த விளையாட்டுப் பொருள்களில் எட்டாவதான காகித மடிப்புப் பெட்டி, அதாவது ஒருபுறம் பளபளப்பேற்றிய 200 வண்ணச் சதுரங்கள் கொண்ட பெட்டி, தமக்கு அந்நூலின் எண்ணத்தைத் தந்தது என்று அவர் முகவுரையில் எழுதியிருக்கிறார். குழந்தைகளின் விளையாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு கணித நூல் நம் சென்னையில் பிறந்தது என்பதை நம் ஆசிரியர்களில் பலர் அறியாதிருப்பது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

அடுத்த படி, ஊதி உப்பச்செய்யும் நான்கிதழ்த் துலிப். அடியிலுள்ள சிறு துவாரத்தில் ஊதியதும் தட்டையான காகிதம் குடம்போல் பருத்து எழுகையில், குழந்தைகளின் முகத்தில் தோன்றும் ஆனந்தத்தை வருணிக்க எனக்குச் சொல் இல்லை. ஊதிய துவாரத்திலேயே தண்டையும் செருகிவிடலாம். ஐந்து சதுரங்களை ஐந்து இதழ்களாக மடித்து ஒட்டும் குசுதாமா மலர், பசையைச் சிந்தாமல் கையாளத் தெரிந்த பிறகு வரட்டும். அல்லி மலரை இன்னும் சில ஆண்டுகள் தள்ளிவைக்கலாம். ஜப்பானியக் கலைஞர் அகிரா யோஷிசாவா வகுத்த புள்ளிக்கோடும் அம்புக்குறியும் கொண்ட படமுறை இன்று உலகெங்கும் வழங்குகிறது. அதைப் பார்த்து மடிக்கும் திறன் பெரிய பிள்ளைகளுக்கு வாய்க்கும். சிறு குழந்தையோ படத்தைப் பார்ப்பதில்லை. நம் கையைத்தான் பார்க்கிறது.

ஆதலால் பெற்றோரிடத்தும் ஆசிரியரிடத்தும் ஒரு வேண்டுகோள். கற்பிக்கும்போது உங்களுக்கென்று வேறொரு காகிதம் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் அருகில், அது பார்க்கும் திசையிலேயே உட்கார்ந்து மெதுவாக மடித்துக் காட்டுங்கள். தேவையானால் பத்துமுறை காட்டுங்கள். ஆனால் அதன் காகிதத்தை மட்டும் வாங்கித் திருத்தாதீர்கள்.