குற்றப் பதிவு ஏதுமில்லை

"போலீஸ் வெரிஃபிகேஷன் வாங்கிட்டு வாங்கம்மா. அப்புறம் பேசலாம்" என்றார் காப்பகத்தின் கண்காணிப்பாளர். மேசைமேல் நான் கொண்டுபோயிருந்த ஆல்பம் கிடந்தது. அதை அவர் திறக்கவேயில்லை.

நான் கேட்டது பெரிய விஷயம் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். சனிக்கிழமைதோறும் இரண்டு மணிநேரம் அங்கிருக்கும் பெண் குழந்தைகளுக்குப் படமெடுக்கக் கற்றுத்தர வேண்டும். சம்பளம் வேண்டாம். என் பழைய நிக்கானையும் தோழிகளிடம் கேட்டு வாங்கிய மூன்று சின்னக் கேமராக்களையும் அங்கேயே விட்டுவிடுவதாகவும் சொல்லியிருந்தேன். வாரநாட்களில் ஐடி வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேடு, திருவல்லிக்கேணி என்று கேமராவோடு சுற்றுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. 'என்னைப் பாத்தா எப்படித் தெரியுதாம் இவங்களுக்கு?' என்று பஸ்ஸில் கொதித்துக்கொண்டே வந்தேன். அதுவும் நான் ஒரு பெண். அதையே ஒரு சான்றிதழ் மாதிரி மனதுக்குள் வைத்திருந்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் சட்டத்தைத் தேடிப் படித்தேன். அவர் கேட்டது தப்பு என்று நிரூபிக்கத்தான், வேறெதற்கு? போக்சோ சட்டம் 2012இல் வந்தது. அதற்கான புதிய விதிகள் 2020 மார்ச்சில் வந்தன. பள்ளி, காப்பகம், விளையாட்டுப் பயிற்சி மையம் என்று குழந்தைகள் புழங்கும் எந்த நிறுவனமும் தன் பணியாளர்களை அவ்வப்போது காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும் என்கிறது அதில் ஒரு விதி. நிரந்தரமோ ஒப்பந்தமோ, ஆசிரியரோ மற்றவரோ, எல்லோரையும். ஆனால் பணியாளர். எனக்குச் சம்பளம் கிடையாது, நியமன உத்தரவு கிடையாது. ஆக, நான் அதில் வரமாட்டேன்.

ஜெயித்துவிட்டேன் என்று ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் உறைத்தது. ஆண்டுவிழாவுக்கு இலவசமாகப் படமெடுத்துத் தருகிற யாரோ ஒருவருடைய மச்சான், பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட வந்து பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து செல்ஃபி எடுக்கிறவர்கள், என்னை மாதிரி ஞாயிற்றுக்கிழமைக் கலைஞர்கள் என்று எல்லோருமே அந்தச் சொல்லுக்கு வெளியேதான் நிற்கிறோம். கேமராவோடு வாசலில் வந்து நிற்கிறவரை "நீங்க யாரு?" என்று யாரும் கேட்பதில்லை. "நாங்க எங்க நிக்கணும்?" என்றுதான் கேட்கிறார்கள்.

இதே கோபம் இங்கிலாந்தில் எழுத்தாளர்களுக்கு வந்திருக்கிறது. பள்ளிகளுக்குப் போய்ப் பேசுகிற எழுத்தாளர்களும் 64 பவுண்டு கட்டிப் பதிவுசெய்து பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று 2009இல் ஒரு ஏற்பாடு வந்தபோது, பிலிப் புல்மன் அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டார். அப்படியென்றால் இனிப் பள்ளிகளுக்கே போகமாட்டேன் என்றார். அடுத்த வருடம் ஆட்சி மாறி அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது, பிறகு சுருக்கப்பட்டது. படிக்கும்போது நான் முழுக்க புல்மன் கட்சி.

ஆனால் அந்தத் திட்டம் எங்கிருந்து பிறந்தது என்று பின்னோக்கிப் போனால் சோஹம் என்ற சிற்றூர் வருகிறது. 2002 ஆகஸ்ட்டில் அங்கே பத்து வயதுச் சிறுமிகள் இருவரைக் கொன்ற இயன் ஹன்ட்லி, அந்த ஊர்ப் பள்ளி ஒன்றின் பராமரிப்பாளன். வேலைக்குச் சேர்க்கும்போது அவனையும் சோதித்திருந்தார்கள். அவன் முன்பு வாழ்ந்த பகுதியில் சிறுமிகள், இளம்பெண்கள் தொடர்பான பல புகார்கள் போலீஸ் வரை போயிருந்தன. எதிலும் தண்டனை இல்லை. அங்கத்திய போலீஸுக்குத் தெரிந்தது இங்கத்திய போலீஸுக்கு வந்து சேரவில்லை. சோதனையில் அவன் சுத்தமாக வந்தான்.

ஆன்லைனில் விண்ணப்பித்தேன். சில நாள் கழித்து ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் வீட்டுக்கு வந்தார்.

"எதுக்கும்மா, வெளிநாடு போறீங்களா?"

"இல்ல சார். ஹோம்ல பிள்ளைங்களுக்கு போட்டோகிராஃபி சொல்லித்தர."

"அதுக்கெல்லாமா கேக்குறாங்க?" என்றவர் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம், "இவங்க எப்படிம்மா?" என்றார். "நல்ல பொண்ணு சார். வீட்ல இருக்கிறதே தெரியாது." எழுதிக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

சான்றிதழ் வந்தது. என் பெயரில் குற்றப் பதிவு ஏதுமில்லை என்ற அந்த வரியைப் படித்தபோது, ஏனோ எங்கள் ஊர்க் கடைவீதி ஸ்டுடியோவின் பவுடர் வாசனை வந்தது.

2004. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. ஸ்டுடியோ மாமாவை எல்லோருக்கும் தெரியும். அப்பாவின் கல்யாணத்தை எடுத்தவர் அவர். எனக்குப் பெயர் வைத்தபோது எடுத்தவரும் அவரே. ஒவ்வொரு வருடமும் பள்ளியின் குரூப் போட்டோவும் அவர்தான். கண்ணாடிக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்ட சீப்பு, பாதி காலியான பவுடர் டப்பா. அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட, நான் உள்ளே போனேன். திரை விழுந்தது.

போட்டோகிராஃபர் தொடுவது யாருக்கும் விநோதமாகத் தெரியாது. முகத்தைத் தூக்குவார், தோளைத் திருப்புவார், ரெட்டை ஜடையை முன்னால் எடுத்துவிடுவார். வேலையே அதுதான். காலர் சரியில்லை என்றார். சரிசெய்தார். மறுபடி சரியில்லை என்றார். கை கழுத்தில் நின்றது. வேலை முடிந்த பிறகும் நின்றது. நான் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தேன், பல்பு எப்போது மின்னும் என்று. அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. இப்படிச் சொல்லித்தான் பல வருடம் எனக்கு நானே அதை முடித்துவைத்தேன். போட்டோ வாங்கிவரத் தம்பியை அனுப்பினேன். எட்டு காப்பி வந்தது. நெகட்டிவ் அவரிடமே இருந்தது.

பத்து வருடம் கழித்து, சித்தி மகள் கல்யாணத்தில் மண்டபத்து மாடியில் ஜாக்கெட் ஊசி குத்திக்கொண்டிருக்கும்போது யாரோ அந்த ஸ்டுடியோ பேச்சை எடுத்தார்கள். "அவரா? அவரு கை சும்மா இருக்காதே" என்று ஒரு அக்கா சிரித்தாள். இன்னொருத்தியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அங்கே இருந்த நான்கு பேருக்கும் தெரிந்திருந்தது. நாலு பேரும் யாரிடமும் சொல்லவில்லை. அவர் சாகும்வரை குரூப் போட்டோ எடுத்தார். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அப்பாவின் பெயரும் இருந்தது. அவர் வெரிஃபிகேஷனுக்குப் போட்டிருந்தாலும் என்னுடையது மாதிரியே ஒரு தாள் வந்திருக்கும். "நல்ல மனுஷன் சார்" என்று கடைவீதியே சொல்லியிருக்கும். எங்கள் வீட்டில் கேட்டிருந்தால் அப்பாவும் சொல்லியிருப்பார், உள்ளறையில் நான் பேசாமல் இருந்திருப்பேன்.

இந்தத் தடவை காப்பகத்துக்குப் போகும்போது கோபம் இல்லை. கண்காணிப்பாளர் சான்றிதழைச் சில நொடிகள்தான் பார்த்தார், ஃபைலில் போட்டார். பிறகு அரைமணிநேரம் பேசினார். எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது. வகுப்பு நடக்கும்போது கதவு திறந்திருக்கும், ஒரு அக்கா வாசலில் உட்கார்ந்திருப்பார். போன் ஆபீஸில். மெமரி கார்டு இங்கேயே இருக்கும். ஒரு முகமும் வெளியே போகக் கூடாது.

"அப்ப இந்த சர்டிஃபிகேட் எதுக்கு மேடம்?" என்று கேட்டேவிட்டேன்.

"கேக்குறாங்கன்னு தெரிஞ்சாலே சில பேரு திரும்ப வரமாட்டாங்கம்மா. அதுக்கு. வர்றவங்களுக்குத்தான் கதவைத் திறந்து வெக்கிறோம்."

முகம் வெளியே போகக் கூடாது என்பது அவருடைய சொந்த விதி இல்லை. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு. காப்பகத்துக் குழந்தையை அடையாளம் காட்டும் படத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். தெருவில் எடுத்த படங்களுக்கு அந்தப் பிரிவு அப்படியே பொருந்தாது என்று சொல்லிக்கொள்ளலாம். இருந்தாலும் அன்றிரவு என் இன்ஸ்டாகிராமை எண்ணிப் பார்த்தேன். குழந்தை முகங்கள் நாற்பத்தொன்று. மீன் கூடைப் பக்கத்தில், குழாயடியில், சட்டையில்லாமல். என் அபார்ட்மென்ட் பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை. எடுத்திருந்தால் அசோசியேஷன் வாட்ஸப்பில் என்னை உரித்திருப்பார்கள். நாற்பதை நீக்கினேன். கிளப்பில் பரிசு வாங்கிய ஒன்றை நீக்க மனசு வரவில்லை. அந்தப் பையனின் பெயர் எனக்குத் தெரியாது. படம் இன்னும் இருக்கிறது.

நான்காவது சனிக்கிழமை ஜன்னல் வெளிச்சம் பற்றிய வகுப்பு. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் அவளை எடுக்க வேண்டும். வெளிச்சம் பாதி முகத்தில்தான் விழுந்தது. பழக்கதோஷத்தில் கிட்டே போய் முகத்தைத் தூக்கக் கையை நீட்டிவிட்டேன்.

"அக்கா, சொல்லுங்க. நானே வெச்சுக்குறேன்" என்றாள். கோபமெல்லாம் இல்லை. மழை வருது என்கிற மாதிரி சொன்னாள்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். வாசலில் இருந்த அக்கா அவரைக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பு."

"இப்படியா?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"போதும், போதும்" என்றாள் கேமரா வைத்திருந்தவள். "நீங்க வெளிச்சத்தை மறைக்கிறீங்கக்கா. தள்ளுங்க."