கொட்டிலில் கிடந்த மோட்டார் சைக்கிள்

நெடுநாள் நின்றுபோன இயந்திரத்தை மீண்டும் ஓட வைக்க விரும்புபவர், முதலில் அது ஏன் நின்றது என்பதைக் கண்டறிய வேண்டும். வைத்தியத்துக்கும் இதுவே விதி. நோயின் காரணம் அறியாமல் மருந்து கொடுப்பவர் அதிர்ஷ்டத்தையே நம்பியிருக்கிறார். வடமேற்கு இலண்டனில் வாழும் பெரியவர் ஒருவர் 2023ஆம் ஆண்டு இந்த விதியைத் தமது வீட்டுக் கொட்டிலில் நின்றபடி கற்றுக்கொண்டார். அவருடைய விருப்பப்படியே அவ்வரலாறு இங்கு எழுதப்படுகிறது. பெயர் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அவருக்கு அப்போது வயது 83. யாழ்ப்பாணத்திலிருந்து 1966இல் கணக்கியல் படிக்க வந்தவர். பனிக்காலத்தில் பஸ்ஸுக்குக் காத்து நின்று அலுத்துப்போய், 1968இல் பி.எஸ்.ஏ. பன்ரம் மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பழையதாக வாங்கினார். கந்தோருக்குப் போவதும் இரவு வகுப்புக்குப் போவதும் அதிலேதான். 1970இல் ஊருக்குப் போய் மணம் முடித்து மனைவியை அழைத்துவந்த பின், இருவரும் கடைத்தெருவுக்கும் நண்பர் வீடுகளுக்கும் அதிலேயே சென்றுவந்தனர். சேலைக்கு மேல் தடித்த கோட்டு அணிந்து பின்னால் அமர்ந்து செல்லும் அந்த இளம் பெண்ணை அயலவர்கள் யன்னல் திரையை விலக்கிப் பார்ப்பார்களாம்.

பன்ரம் என்பது ஒரு சிறு கோழி இனத்தின் பெயர். பெயருக்கேற்றபடி அதுவும் சிறிய வண்டிதான். ஆனால் அதற்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரின் முடிவில், ஜேர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்.டி.125 என்ற மோட்டார் சைக்கிளின் அமைப்பு, போர் நட்டஈட்டின் ஒரு பகுதியாக வென்ற நாடுகளின் கைக்குச் சென்றது. அதைத் தழுவி அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனும், சோவியத் நாட்டில் அரசாங்கத் தொழிற்சாலைகளும், பிரித்தானியாவில் பி.எஸ்.ஏ. நிறுவனமும் வண்டிகள் செய்தன. 1948இல் வெளிவந்த பன்ரம் 1971 வரை தயாரிக்கப்பட்டது. இந்நாட்டில் தந்தி கொண்டுசென்ற பையன்கள் சிவப்பு நிறப் பன்ரத்தில் வந்ததைப் பலர் இன்றும் நினைவுகூர்வர். பெரியவரிடம் இருந்தது 1960களின் முற்பகுதியில் செய்யப்பட்ட 175 சி.சி. வண்டி.

1975ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நண்பர் வீட்டில் குழந்தையின் முதலாவது பிறந்தநாள். மூன்று வயது மகனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இருவரும் புறப்பட்டனர். நேரம் பிந்திவிட்டது. வழியில் பெற்றோல் நிரப்பிக்கொண்டு வேகமாகச் சென்றார். சில மைல் தூரத்தில் பின்சில்லு திடீரென இறுகி நின்றது. வண்டி வழுக்கி வீழ்ந்தது. அவருக்குச் சிராய்ப்புத்தான். மனைவிக்கு இடுப்பு மூட்டுக்கு அருகில் தொடையெலும்பு முறிந்தது. தலைக்கவசம் 1973 முதலே இந்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டிருந்தபடியால் தலை தப்பியது. அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் அந்தக் கால் சற்றுக் குட்டையாகவே நின்றுவிட்டது. அன்று முதல் இன்றுவரை அவர் ஒரு பக்கம் சாய்ந்தே நடக்கிறார்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் ஒரே முடிவுக்கு வந்தனர். "சேலைத் தலைப்புச் சில்லுக்குள்ள போயிருக்கும். ஆர் இந்தக் குளிர் நாட்டில சேலையோட மோட்டார் சைக்கிளில ஏறச் சொன்னது?" என்றனர். பெரியவர் மறுத்துப் பேசவில்லை. மனைவியும் பேசவில்லை. அந்தக் கதையே நிலைத்தது. பின்னாளில் மணமாகி வந்த பெண்களுக்கெல்லாம் அது புத்திமதியாகச் சொல்லப்பட்டது. வண்டியைக் கொட்டிலுக்குள் தள்ளிப் படங்கினால் மூடினார்கள். நாற்பத்தெட்டு ஆண்டுகள் அது அங்கேயே கிடந்தது.

2023இல் மாடிப்படி இல்லாத சிறிய வீட்டுக்கு மாற முடிவு செய்தபோது கொட்டிலை வெறுமையாக்க வேண்டியிருந்தது. கிடந்தபடியே வண்டியை வாங்க ஒருவர் விலையும் சொன்னார். இருபத்திரண்டு வயதுப் பேரன்தான் மறித்தான். "அப்பப்பா, ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாப்பம். அதுக்குப் பிறகு விக்கலாம்."

படங்கை நீக்கியதும் பேரன் காலால் உதைத்துப் பார்க்க ஓடினான். பெரியவர் தடுத்தார். பல ஆண்டு அசையாத பிஸ்டன் வளையங்கள் கறள் பிடித்துச் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். வலிந்து உதைத்தால் வளையம் முறியும். ஆகவே பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தினூடாகச் சிறிது எண்ணெய் விட்டுப் பத்து நாள் ஊறவிட்டனர். தாங்கியில் இருந்த பழைய பெற்றோல் மண்ணிறமாகிப் பிசின்போல் நாறியது. அதை வடித்து, தாங்கியின் உட்கறளைக் கழுவினர். காபரேட்டரைக் கழற்றி, அடைபட்ட நுண்துளைகளை ஊதிச் சுத்தம் செய்தனர். பதினோராம் நாள் கியரில் போட்டு, பின்சில்லை முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டியபோது இயந்திரம் அசைந்தது.

அத்துடன் மூடிவிட்டு உதைத்திருக்கலாம். ஆனால் உள்ளே பார்க்காமல் ஓட்டக்கூடாது என்று பெரியவர் சிலிண்டரைக் கழற்றினார். பிஸ்டனைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். புகை வெளியேறும் பக்கத்தில், மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள் இருந்தன. அதற்கு நேரெதிரே சிலிண்டர்ச் சுவரில் உருகிய அலுமினியம் பூசினாற்போல் ஒட்டியிருந்தது.

"அப்பப்பா, இது கறளோ?"

"கறள் இல்லை, ராசா."

கறள் புள்ளி புள்ளியாகவோ வளையமாகவோ தின்னும். நெடுக்காகக் கீறாது. இவ்வகை வண்டியில் இயந்திர எண்ணெய்க்கென்று தனியிடம் கிடையாது. பெற்றோலிலேயே கலக்க வேண்டும். 20 பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்பது பழைய கணக்கு. எண்ணெய் இல்லாத பெற்றோலில் ஓடினால் பிஸ்டன் சூடேறி விரிந்து சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கணமே கிளட்ச்சை அழுத்தாவிட்டால் பின்சில்லும் இறுகும். ஆறியபின் பிஸ்டன் தானாகவே விடுபடும். ஆகவே வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

பேரன் இயந்திரவியல் படிப்பவன். "உள்ளே இருக்கிற ரப்பர் சீல் தேஞ்சு காத்துப் புகுந்தாலும் இப்பிடி நடக்கும்தானே?" என்று ஒரு வழி காட்டினான். அதுவும் உண்மையே. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பெற்றோல் நிரப்பியபோது எண்ணெய் கலந்த நினைவு பெரியவருக்கு இல்லை. எண்ணெய் அளக்கும் கிண்ணத்தைத் தேடிய நினைவும் இல்லை. அந்தச் சந்தேகம் ஆஸ்பத்திரி வாசலிலேயே எழுந்தது. சேலைக் கதை வந்து அதை மூடிவிட்டது. படங்கு வண்டியை மூடியதுபோல.

மூன்று நாள் அந்தப் பிஸ்டனைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். நான்காம் நாள் காலை, மனைவி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அதை மேசையில் வைத்தார்.

"இஞ்சருமப்பா, உமக்கு ஒண்டு சொல்ல வேணும். அண்டைக்கு விழுந்தது சீலையால இல்லை. நான் எண்ணெய் கலக்க மறந்துபோனன்."

அம்மையார் பிஸ்டனைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "சீலையால இல்லை எண்டு எனக்குத் தெரியும். அந்தச் சீலை இப்பவும் பெட்டிக்குள்ள கிடக்கு. ஒரு நூல்கூட அறயேல்லை."

"அப்ப ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

வேறொன்றும் அவர் சொல்லவில்லை. தேநீர் ஆறுகிறது என்று மட்டும் நினைவூட்டினார். கால் முறிந்ததைவிட அந்தச் சொல்லே தம்மை அதிகம் வருத்தியது என்று பெரியவர் சொல்கிறார். முறிந்த கால் அவருடையதல்ல என்பதையும் தாமே சேர்த்துச் சொல்கிறார்.

அதன்பின் வேலை ஒழுங்காக நடந்தது. சிலிண்டரைப் பட்டறையில் கடைந்து சற்றுப் பெரிய பிஸ்டன் பொருத்தினர். இறுகிப்போன ரப்பர் சீல்களை மாற்றினர். ரயர்களில் பள்ளம் தேயாமல் இருந்தும், பக்கங்கள் வெடித்திருந்தபடியால் அவற்றையும் ரியூப்களையும் புதிதாக்கினர்.

இத்தகைய வேலையில் இறங்கும் அன்பர்கள் கவனிக்க வேண்டியவை சில. பழைய பிறேக் கட்டைகளில் அஸ்பெஸ்டொஸ் இருக்கக்கூடும். அந்தத் தூளை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக்கூடாது. ஈரத் துணியால் துடைத்துப் பத்திரமாகக் கட்டி அகற்ற வேண்டும். அதன் தீங்கு நுரையீரலில் தெரியவரப் பல பத்தாண்டுகள் செல்லும். இயந்திரத்தைப் பூட்டிய கொட்டிலுக்குள் ஓடவிடலாகாது. காபன் மொனொக்சைட்டு மணமற்றது. தலைவலியும் மயக்கமும் வந்தபின் வெளியே ஓடக் கால் எழாமற் போகலாம். பெற்றோலும் முன்போல் இல்லை. 2021 முதல் இந்நாட்டில் சாதாரண பெற்றோலில் 10 வீதம் வரை எதனோல் உள்ளது. அது ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பரையும் கெடுக்கும். எதனோல் குறைந்த உயர்தரப் பெற்றோலே பழைய வண்டிக்கு ஏற்றது. நாற்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு வருடாந்தப் பரிசோதனை பொதுவாகக் கட்டாயமில்லை. ஆயினும் பாதுகாப்பாக ஓடும் நிலையில் வைத்திருப்பது சொந்தக்காரரின் பொறுப்பே.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை வண்டியை வெளியே தள்ளி வந்தனர். பேரன் பெற்றோலை அளந்து வைத்தான். பெரியவர் எண்ணெய்ப் போத்தலைத் திறந்தபோது அம்மையார் ஊன்றுகோலை ஊன்றியபடி சமையலறை வாசலால் இறங்கி வந்தார்.

"இஞ்ச தாங்கோ. இந்தமுறை நான் ஊத்திறன்."

கிண்ணத்தைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, குழந்தைக்குப் பாணி மருந்து அளப்பதுபோல அளந்து ஊற்றினார். பேரன் கலக்கினான். ஆறாவது உதையில் இயந்திரம் ஒருமுறை இருமி நின்றது. ஒன்பதாவது உதையில் பிடித்துக்கொண்டது. நீலப் புகை முற்றமெங்கும் எழுந்தது. அம்மையார் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார், உள்ளே போகவில்லை. பெரியவர் இருக்கையில் அமர்ந்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தார். தெருவுக்கு எடுத்துச் செல்லவில்லை. இந்த வயதில் அதுவே சரியான முடிவு. 175 சி.சி. வண்டி ஓட்டுவதற்குரிய அனுமதிப்பத்திரத்துக்காகப் பேரன் இப்போது பயிற்சி பெறுகிறான். வண்டி விற்கப்படவில்லை.

அடுத்த மாதம் ஒரு நண்பர் வீட்டுப் பூசையில், சாப்பாட்டு நேரத்தில், மோட்டார் சைக்கிள் ஓடத் தொடங்கிய செய்தி பேச்சாயிற்று. வழக்கம்போல ஒருவர், "சீலை சில்லுக்குள்ள போன அதே வண்டிதானே?" என்று கேட்டார். பெரியவர் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். எல்லோருக்கும் கேட்கும்படி, "சீலை சில்லுக்குள்ள போகேல்லை. நான் எண்ணெய் விட மறந்தனான். நாற்பத்தெட்டு வருசமாச் சொல்லாமலும் இருந்தனான்," என்றார்.

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. அந்த அமைதியில் அம்மையாரின் குரல் கேட்டது.

"சரி, இருந்து சாப்பிடுங்கோ. சோறு ஆறப்போகுது."