பாலம் எங்கே முடிகிறது?

மட்டக்களப்பு வாவியோரத்து மக்களுக்குப் பாலம் என்பது வெறும் கல்லும் இரும்புமன்று. கதிரவன் எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும், படும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் பெயரிட்டு, இரண்டு கரைக்குமாக வாழ்க்கையைப் பகிர்ந்துகொண்டவர்கள் நாங்கள். 1924 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கல்லடிப் பாலத்தில் ஒரு திசை வாகனங்கள் கடக்கும்வரை மறுதிசை வாகனங்கள் காத்து நிற்கும். அந்தக் காத்திருப்பிலேயே என் மாணவப் பருவத்தின் பல காலைகள் கழிந்தன. 2013 இல் அதன் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. மண்முனையிலோ 2014 வரை படகுப்பாதைதான். ஆதலால், பாலம் வேண்டாம் என்று சொல்பவர் எங்கள் பக்கத்தில் அரியர்.

எங்கள் ஊர்ப் பெருந்தெருவிலும், வாவியிற் கலக்கும் ஓர் ஓடையின் மேல், பழம்பாலம் ஒன்று உண்டு. எதிரெதிரே இரண்டு பஸ் வண்டிகள் வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். மார்கழி மழையில் வெள்ளம் அதன்மேலேயே பாயும். ஒரு மாரிக்காலத்தில், பரீட்சை நாளன்று, என் மாணவர் சிலர் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, புத்தகப் பையைத் தலையில் வைத்து அதனைக் கடந்து வந்தனர். அன்று மாலையே மனு எழுத உட்கார்ந்தேன். ‘உயரமான, அகலமான புதிய பாலம் ஒன்றை உடனடியாக அமைத்துத் தருக’ என்று எழுதினேன். ஊரார் கையொப்பமிட்டனர். முதற் கையொப்பம் என் அக்காவுடையது.

அக்காவின் வீடு பாலத்தடியில்தான். எங்கள் வழக்கப்படி அம்மா அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்த வளவு அது. நானும் அங்கேதான் பிறந்தேன்.

காலம் சென்று திட்டப்படம் வந்தது. படத்தைப் பார்த்து எல்லோரும் மகிழ்ந்தோம். பிறகுதான் அக்கா ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, பாலம் வேணாமெண்டு நான் சொல்லல்ல. என்ட படலைக்கு எங்கால வாறது?”

நான் காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் பார்த்தேன். புதிய பாலம் பழையதைவிட எட்டடி உயரம். வாகனங்கள் இலகுவாக ஏறி இறங்க 30 அடிக்கு ஓரடி என்ற சரிவு வேண்டுமாயின், ஏறுபாதை பாலத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் 240 அடி நீளும். அக்காவின் படலை பாலத்திலிருந்து 60 அடி. அங்கே தெரு ஆறடி உயரத்தில் நிற்கும். மண்ணணையின் ஓரத்தை ஓரடி உயரத்துக்கு ஈரடி அகலமாகச் சரித்தால், அது 12 அடி நிலத்தை விழுங்கும். படலையும் அதன் அருகில் நின்ற வேம்பும் என் கணக்கில் மறைந்துபோயின. எஞ்சிய வளவோ பள்ளமாயிற்று. முன்னர் வாவிக்கு ஓடிய மழைநீர் இனி அணையில் முட்டி முற்றத்தில் நிற்கும்.

கணக்குச் சரிதான். மனு எழுதியபோது அந்தக் கணக்கை ஏன் போடவில்லை என்பதற்கே என்னிடம் விடையில்லை.

விடயம் பிரதேச சபைக்கு வந்தது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தபின், 2025 மே மாதத் தேர்தல் வரை, இத்தகைய குறைகளைப் பேசத் தெரிவுசெய்யப்பட்ட உள்ளூர் மன்றமே எங்கள் பக்கத்தில் இருக்கவில்லை. ஆகவே அன்று பார்வையாளர் இருக்கைகள் நிறைந்திருந்தன. நானும் அக்காவும் பின்வரிசையில் அமர்ந்தோம்.

ஓர் அங்கத்தவர் எழுந்து, “இது சபையின் வீதியன்று, பெருந்தெரு. நமக்கு அதிகாரமில்லாத விடயத்தில் ஏன் வீண் விவாதம்? தடை சொன்னால் ஒதுக்கிய பணம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும்” என்றார். அவர் சொன்னதிற் பொய்யில்லை. ஏ, பி தரப் பெருந்தெருக்களும் அவற்றின் பாலங்களும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கே உரியவை. அவர் தம் வாதத்துக்குச் சான்றாக ஒரு கடதாசியை எடுத்து உரக்க வாசித்தார். ‘உடனடியாக அமைத்துத் தருக.’ என் மனு! அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்து ஒரு முதியவர் எழுந்தார். “வீதி நம்முடையதன்று, சரி. வீதியோரத்து வீடு நம்முடையது, வடிகான் நம்முடையது, வெள்ளம் நம்முடையது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி வந்தபோது என்ன கண்டோம்? பல இடங்களில் பாலம் நின்றது, இருபுறத்து மண்ணணை போயிற்று. ஏறுபாதை கெட்டால் பாலம் இருந்தும் இல்லைதான்” என்றார்.

காணி சுவீகரிப்புச் சட்டம் 1950 இலேயே வந்தது. எடுக்கப்படும் காணிக்கு நட்டஈடு உண்டு. காணி எடுபடாமல் வாசல் மட்டும் பள்ளத்தில் விழுந்தவரின் நட்டத்தை எந்தக் கோலால் அளப்பது? இதனை ஒரு பெண் அங்கத்தவர் கேட்டபோது மண்டபம் அமைதியாயிற்று.

ஈற்றில் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பாலம் வேண்டும், ஆனால், வீடுகள் உள்ள இடத்தில் மண்சரிவுக்குப் பதிலாகத் தாங்குசுவர் எழுப்பவேண்டும், அணையின் கீழே நீர் செல்ல மதகுகள் வைக்கவேண்டும், வீட்டு வாசல்களுக்கு அருகே தனியாக ஒரு சிறுபாதை விடவேண்டும். தாங்குசுவருக்குச் செலவு கூடும். மேலிடம் இணங்குமோ, இணங்காதோ. விடை இன்னும் வரவில்லை.

வீடு திரும்பும் வழியில் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பாலத்தடியில் நின்று, துவிச்சக்கர வண்டிகளில் விரைந்த பிள்ளைகளைப் பார்த்தவாறு, “அந்தப் பிள்ளையள் நனையாமப் போகோணும். நீ எழுதினது பிழையில்ல, அரைவாசிதான் எழுதிப்போட்டாய்” என்றார்.

மறுநாள் வகுப்பில் மாணவர்களுக்குக் கட்டுரைப் பயிற்சியாக ஒரு பாலத்தை வருணிக்கச் சொன்னேன். அனைவரும் இக்கரையில் தொடங்கி அக்கரையில் முடித்தனர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பாலம் கரையில் முடிவதில்லை. அதன் ஏறுபாதை கடைசியாகத் தொடும் வீட்டின் வாசலில் முடிகிறது. அந்த வாசலில் இருப்பவரைக் கேட்டபின் எழுதும் மனுவே முழு மனு.

மீதி அரைவாசியை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். இம்முறையும் முதற் கையொப்பம் அக்காவுடையதே. ஆனால், வாசித்துப் பார்த்த பிறகுதான் இடுவாராம்.