கான்டெஸா நடத்திய செய்முறை வகுப்பு

பேரவை மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா என்று நண்பர்கள் கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. எனக்குத் தெரிந்தது தகடும் வெல்டிங்கும்தான். அதையே எழுதுகிறேன். மெக்கானிக்கல் படிக்காத நண்பர்களும் பொறுமையாகப் படிக்கவும்.

என் மாமாவிடம் 1992 மாடல் கான்டெஸா கிளாசிக் ஒன்று இருக்கிறது. வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர், ஆசைப்பட்டு பழைய வண்டியாக வாங்கியது. குடவாசல் கடைத்தெருவில் அது திரும்பினால் டீக்கடை பெஞ்சில் பேப்பர் படிப்பவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி 1984 முதல் 2002 வரை செய்த வண்டி. உடல் அமைப்பு இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டரிலிருந்து வந்தது. கிளாசிக்கில் ஜப்பானின் இசுசூ 1.8 லிட்டர் பெட்ரோல் என்ஜின், ஐந்து கியர். அம்பாசிடரும் பியட்டும் ஓடிய ரோட்டில் அதுதான் அன்றைக்கு ராஜா.

அந்த ராஜாவுக்கு முதுகுவலி வந்தது. கும்பகோணம் ரோட்டில் வளைவில் குழி வந்தால் டேஷ்போர்டு முனகும். முன்பக்க இடது மூலையில் ஜாக்கி கொடுத்தால் பின் கதவு திறக்காது. ஷாக் அப்சார்பரை மாற்றினோம். பிரயோசனமில்லை. பழைய இரும்புக் கடைக்காரர் ஒரு விலை சொல்லிவிட்டுப் போனார். மாமா பதில் சொல்லவில்லை. அன்று இரவு சாப்பிடவும் இல்லை.

"மாமா, நான் பட்டறையில வச்சு சரி பண்ணித் தர்றேன்" என்று வாய் விட்டேன். விடுமுறைகளில் நான் வேலை பழகும் பட்டறை பாயை நம்பித்தான் அந்த வீரம்.

பாய் வண்டிக்கு அடியில் படுத்தார். கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் ரன்னிங் போர்டில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். கைப்பிடி வரை உள்ளே போயிற்று. முன்பு எங்கோ யாரோ துருவை எடுக்காமல், ஓட்டையில் பழைய பேப்பரைத் திணித்து, மேலே பட்டி பூசி பெயின்ட் அடித்திருந்தார்கள். ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீரும் வயல் சேறும் உள்ளேயே தங்கி மிச்சத்தைத் தின்றுவிட்டன.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். லாரிக்கு இருப்பதுபோல் இந்தக் காருக்குத் தனியாக நீளச் சட்டம் கிடையாது. புளோர், ரன்னிங் போர்டு, தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்ததுதான் சட்டம். அது முறுகினால், ஸ்பிரிங் செய்ய வேண்டிய வேலையில் பாதியை உடம்பு செய்யும். அப்புறம் எந்த ஷாக் அப்சார்பர் போட்டு என்ன?

"மூணு மில்லி தகடு அடிச்சிடலாம் பாய். உள்ளே ரேஸ் கார் மாதிரி கூண்டும் கட்டிடலாம்" என்றேன். சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸ்கள், கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800 என்ஜினைக் குழாய்ச் சட்டத்தில் வைத்துக் கட்டிய பார்முலா கார்கள் எல்லாம் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன.

பாய் சிரித்தார். பந்தல்காரர் போட்டுவிட்டுப் போன மூங்கில் ஒன்று கிடந்தது. "இதை முறுக்கு" என்றார். முடியவில்லை. அரிவாளால் அதன் நீளத்துக்கும் ஒரே ஒரு கீறல் போட்டார். "இப்ப முறுக்கு." முறுகியது. "மூங்கில் குறைஞ்சுதா? குறையலை. வாய் திறந்துச்சு, அவ்வளவுதான். உன் வண்டிக்கும் வாய் திறந்திருக்கு."

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். சராசரி ஆரம் 25 மி.மீ., கனம் 1 மி.மீ. உள்ள இரும்புக் குழாயை நீளவாக்கில் கீறிவிட்டால், முறுக்கைத் தாங்கும் விறைப்பு 1,875-ல் ஒரு பங்காகிவிடுகிறது. எடை அப்படியே இருக்கிறது! தேர்வுக்கு மனப்பாடம் செய்த சூத்திரம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. கூண்டு யோசனையையும் விட்டேன். கம்பெனி தந்த அமைப்பு மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. ஹெல்மெட் இல்லாமல் உட்காரும் அத்தை தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் இருப்பதும் ஆபத்து.

இனி வருவது என் வெட்கக் கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் கல்யாணத்துக்குப் போயிருந்தார். வந்து பார்த்து அசரட்டும் என்று நானே ஆரம்பித்தேன். வண்டியை முன்னும் பின்னும் ஸ்டாண்டில் ஏற்றி, கதவைக் கழற்றி, இடது ரன்னிங் போர்டை முழுசாக அறுத்து, புதுத் தகடு வைத்து ஒரே மூச்சில் வெல்டிங் அடித்தேன். சாயங்காலம் கதவை மாட்டினால் சாத்த முடியவில்லை. நடுவில் பிடிமானம் இல்லாமல் உடம்பு தொய்ந்திருக்கிறது. தொய்ந்த நிலையிலேயே நான் அதைக் கெட்டிப்படுத்திவிட்டேன்.

பாய் வந்தார். திட்டவில்லை. கதவு வாசலில் மூலைக்கு மூலை நூல் பிடித்து இரண்டு அளவையும் வலது பக்கத்தோடு ஒப்பிட்டுக் காட்டினார். 11 மி.மீ. வித்தியாசம். "வளைஞ்ச முதுகுக்கு மாவுக்கட்டு போட்டுட்டியே தம்பி" என்றார். அதற்கு அவர் என்னை அறைந்திருக்கலாம்.

மறுநாள் மாமாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். "பாய் என்ன சொல்றார்?" என்று மட்டும் கேட்டார். "மறுபடி வெட்டணும்கிறார்." "அப்ப வெட்டுங்க" என்றார்.

வெட்டினோம். இந்தத் தடவை கதவு வாசலின் குறுக்கே, பந்தல்காலுக்குக் குறுக்குக் கம்பு கட்டுவதுபோல, ஆங்கிள் இரும்பைத் தற்காலிகமாகப் பற்றவைத்து, ஜாக்கியால் நூல் அளவைச் சரிக்கட்டி, அதன் பிறகே அறுத்தோம். ஒரு நேரத்தில் ஒரு சாண் மட்டும். 18 கேஜ் தகடுதான். மூணு மில்லி இல்லை. உள்ளே நெடுக ஒரு தகடு, வெளியே ஒரு தகடு, பெட்டி முழுசாக மூடியது. சூட்டில் தகடு கோணாமலிருக்க ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் அங்கே என்று மாற்றி மாற்றி வெல்டிங். புளோரோடு சேரும் ஒட்டுத் தகடுகளின் முனையைப் பாய் மீன் வால் போல வெட்டச் சொன்னார். சதுரமாக முடிந்தால் பலம் சட்டென்று அறுபடும் அந்தக் கோட்டில்தான் பிறகு விரிசல் விழுமாம். கடைசியில், தண்ணீர் வடிய அடியில் சின்னத் துளைகள். உள்ளே துரு தடுக்கும் மெழுகு. வெல்டிங் சூட்டில் பெயின்ட் எரிந்த இடத்தில்தான் துரு முதலில் குடியேறும்.

ஒன்பது நாள் வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமைத் தகட்டின் விலையைப் பாய் கணக்கில் சேர்க்கவில்லை. "அது உன் பீஸ்" என்றார்.

முன் மூலையில் ஜாக்கி கொடுத்துப் பார்த்தோம். நாலு கதவும் திறந்தன, மூடின. மாமா அத்தையை ஏற்றிக்கொண்டு நாச்சியார்கோயில் வரை போய்த் திரும்பினார். இறங்கியதும் கதவைத் திறந்து சாத்தினார். இன்னொரு தடவை திறந்து சாத்தினார். அந்தச் சத்தத்தைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

ஜூனியர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பலம் கனத்தில் இல்லை, சேர்மானத்தில் இருக்கிறது. எதையும் கெட்டிப்படுத்துமுன் அது நேராக இருக்கிறதா என்று மூலைக்கு மூலை ஒரு நூல் பிடித்துப் பாருங்கள். நான் அறுத்தெறிந்த அந்தத் தகட்டில் ஒரு துண்டு இன்னும் என் மேஜை மேல்தான் இருக்கிறது.