பிளாட்பாரம் டிக்கெட்

பெரம்பலூரில் வளர்கிற பிள்ளை ரயிலை முதலில் படத்தில்தான் பார்க்கும். ஊருக்குள் ரயில் கிடையாது. நாலு வழிச் சாலையில் ராப்பகலாகப் பஸ்ஸும் லாரியும் ஓடுகின்றன. தண்டவாளம் பார்க்க வேண்டுமென்றால் முப்பது கிலோமீட்டர் தள்ளி அரியலூருக்குப் போக வேண்டும். விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குப் போகிற கார்டு லைன் அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. எங்கள் பாப்பாவுக்கு நாலு வயது. ரயில் என்றால் சோறு தண்ணி வேண்டாம். அவள் அப்பாவுக்கு வார லீவு விழுகிற நாளும் எனக்கு ஆபீஸ் இல்லாத நாளும் ஒன்றாக அமைந்துவிட்டால் மூன்று பேரும் பைக்கில் அரியலூர் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவோம். யாரையும் ஏற்றிவிடப் போவதில்லை. சும்மா ரயில் பார்க்கத்தான்.

பிளாட்பாரம் டிக்கெட் பத்து ரூபாய். இரண்டு மணி நேரம் செல்லும். அந்த இரண்டு மணி நேரமும் முழுக்க அவளுடையது. வைகை எக்ஸ்பிரஸ் வந்தால் கையாட்டுவாள், அவ்வளவுதான். அது வந்த வேகத்தில் போய்விடுகிறது. அவளுக்குப் பிடித்தது கூட்ஸ் வண்டி. மெதுவாக வரும், சிக்னல் விழாமல் நிற்கும், மறுபடி ஒரு குலுக்கலோடு நகரும். பெட்டி பெட்டியாக எண்ணுவாள். இருபத்தொன்பது வரைக்கும் சரியாக வந்து, அதற்கு மேல் "இருபத்திப் பத்து, இருபத்திப் பதினொண்ணு" என்று போய்க்கொண்டே இருப்பாள். அவள் அப்பா திருத்த மாட்டார். அவரும் கூடவே எண்ணுவார், அதே கணக்கில். ஒரு முறை, "இதுக்குள்ள என்னாப்பா இருக்கு?" என்று கேட்டாள். நிலக்கரி என்றார். கல்லைச் சுட்டு சிமெண்ட் ஆக்குவதற்குப் பெரிய சூளை இருக்கிறது, அது எரிய இது வேண்டும் என்றார். "நீ வேலைக்குப் போறியே, அந்தச் சூளையா?" "ஆமா, அதேதான்." பாப்பா வண்டியையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பா தினமும் எங்கே போய்விடுகிறார் என்பதற்கு அன்றைக்குத்தான் அவளுக்குப் பதில் கிடைத்தது.

பிள்ளைக்கு நேரம் ஒதுக்குவது என்றாலே எதையாவது கற்றுக்கொடுப்பது என்று இப்போது ஆகிவிட்டது. எங்கள் தெருவிலேயே அபாகஸ், ஹிந்தி, டான்ஸ் என்று மூன்று போர்டு தொங்குகிறது. அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாலு வயதுப் பிள்ளையின் வேகம் வேறு. எங்கள் மாவட்டத்தில் சாத்தனூர் கல்மரம் இருக்கிறதே, அங்கே ஒரு நாள் கூட்டிப் போனோம். பதினெட்டு மீட்டருக்கு மேல் நீளம், பன்னிரண்டு கோடி வருஷம் பழையது, கடல் இந்தப் பக்கம் வரைக்கும் இருந்த காலத்து மரம், 1940-இல் நிலவியல் துறையைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டு சொன்னது என்றெல்லாம் நான் ஆசையாகப் படித்துவிட்டுப் போயிருந்தேன். அவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கல்லை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இந்த மரத்துல அணில் இருந்துச்சாம்மா?" என்றாள். அந்தக் கேள்விக்குள் உட்கார எங்களுக்கு அன்றைக்கு அவகாசம் இருந்தது. அடுத்து எங்கேயும் போக வேண்டியதில்லை, யாரும் போன் பண்ணவில்லை. கல்லாகிப் போன மரத்தில் யார் யார் ஏறியிருப்பார்கள் என்று மூவரும் பேசிக்கொண்டே வேலியைச் சுற்றி வந்தோம்.

அவகாசம்தான் விஷயம். அது மனசு வைத்தால் வந்துவிடும் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்தில் அதை ஷிப்ட்தான் தீர்மானிக்கிறது.

அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி. அதைச் சுற்றித்தான் சிமெண்ட் ஆலைகள் வந்தன. 1979-இல் அரசு ஆலை, பிறகு வரிசையாகத் தனியார் ஆலைகள். சூளை அணையக்கூடாது என்பதால் வேலையும் இருபத்துநாலு மணி நேரமும் நடக்கும். ஆறிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து பத்து, ராத்திரி பத்திலிருந்து விடியற்காலை ஆறு. வாரத்துக்கு வாரம் மாறும். வீட்டில் அப்பா எந்த நேரத்து அப்பா என்பதும் வாரத்துக்கு வாரம் மாறும். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் பாப்பா பால்வாடியிலிருந்து வருவதற்குள் அவர் போய்விடுவார். அவர் திரும்பும்போது அவள் தூங்கிவிடுவாள். காலையில் மட்டும் கொஞ்ச நேரம். நைட் ஷிப்ட் வாரத்தில் பகலெல்லாம் உள் அறையில் படுத்திருப்பார். அந்த வாரம் அவளுக்கு ரகசியக் குரல் வந்துவிடும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பொம்மையோடு பேசுவதும் ரகசியக் குரலில்தான். கதவைக் கொஞ்சமாகத் திறந்து, அப்பா மூச்சு விடுகிறாரா என்று பார்த்துவிட்டு, "இன்னும் தூங்குது" என்று அப்பாயியிடம் வந்து சொல்வாள். அவள் அப்பாயி, என் அத்தை, அவர் தூக்கம் கலையக்கூடாது என்றுதான் அந்த வாரம் மட்டும் பாப்பாவைக் கூடுதல் நேரம் வெளித் திண்ணையில் வைத்துக்கொள்கிறார்.

ஆனால் முதல் ஷிப்ட் என்று ஒன்று இருக்கிறதே, அது கொடுக்கிற வாய்ப்பைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிந்து மூன்று மணிக்கு வீட்டில் இருக்கிற ஆண்பிள்ளைகள் எங்கள் ஊர்களில் எத்தனையோ பேர். பால்வாடி வாசலிலும் நர்சரிப் பள்ளிக்கூட வாசலிலும் கம்பெனி யூனிபாரத்தோடேயே நின்று பிள்ளையை வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஒரு கையில் டிபன் பை, இன்னொரு கையில் பிள்ளையின் தண்ணி பாட்டில். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது எங்கள் அப்பா என் பள்ளிக்கூடத்துக்கு வந்ததே கையெழுத்துப் போடத்தான். இந்தத் தகப்பன்மார்கள் பிள்ளையின் டீச்சர் பெயர், கூட உட்காருகிறவன் பெயர், யார் யாரைக் கடித்தார்கள் என்பதெல்லாம் தெரிந்து வைத்திருக்கிறார்கள். இதை நான் பெரிய மாற்றமாக நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் எல்லாரும் பிள்ளையோடேயே இருந்தோம், இப்போதுதான் வேலை வேலை என்று ஓடுகிறீர்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. பாதி உண்மை. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற கரிசல் இது. பருத்தி எடுக்கப் போகிற அம்மா கைப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய், வரப்போரத்து வேம்பில் தூளி கட்டிப் போட்டுவிட்டுத்தான் நிரையில் இறங்குவாள். பிள்ளை பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் கூலி, எடுத்த பருத்தியின் எடைக்கு. அழுத பிள்ளையைத் தூக்குகிற நேரமெல்லாம் எடையில் குறையும். அதனால் தூளியை ஆட்டியது பெரும்பாலும் ஏழெட்டு வயது அக்கா. என் அத்தை அப்படி ஆட்டியவர். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. "எந் தம்பிய நாந்தான் வளத்தேன்" என்று பெருமையாகச் சொல்வார். அடுத்த நிமிஷமே பாப்பாவின் நோட்டை எடுத்து எழுத்துக்கூட்டிப் பார்ப்பார். நூறு நாள் வேலையில், ஆறு வயதுக்குக் கீழே ஐந்து பிள்ளைகள் வந்தால் ஒரு பெண்ணை அவர்களைப் பார்த்துக்கொள்ளவே போட வேண்டும், அவளுக்கும் கூலி உண்டு என்று விதி வைத்தது இந்த வரலாறு தெரிந்தவர்கள்தான். பிள்ளை பார்ப்பதும் வேலைதான் என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதிக் கூலி போட்டது சாதாரண விஷயம் இல்லை.

நேரம் என்பது சில சமயம் எதிர்பாராத வழியில் வருகிறது. எதிர்வீட்டு அக்காவின் பையன் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. 2022-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அதற்கு முன்னால் அந்த வீட்டில் காலை ஏழரை மணிக்கு ஒரு சண்டை கேட்கும். "முழுங்குடா, முழுங்கு" என்று அக்கா ஊட்டுவதும் அவன் வாயில் அடக்கிக்கொள்வதும். இப்போது அவன் பள்ளிக்கூடத்தில் கிச்சடியோ பொங்கலோ சாப்பிடுகிறான். அக்கா அந்த அரைமணி நேரத்தில் அவனோடு நடந்தே பள்ளிக்கூடம் வரைக்கும் போகிறார். வழியில் அவன் பேசுவதைத் திரும்பி வந்து எங்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். பசிக்காகப் போட்ட திட்டம் இந்தத் தாய்க்குப் பிள்ளையின் பேச்சைக் கேட்கிற பொழுதையும் கொடுத்திருக்கிறது.

கடல் தாண்டிப் போனவர்களின் கதை தனி. லெப்பைக்குடிகாடு, வி.களத்தூர் பக்கமெல்லாம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரைக்கும் வெயிலில் நின்று வேலை செய்யக்கூடாது என்று சட்டம். நம் கணக்கில் அது மதியம் இரண்டிலிருந்து நாலரை. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம். என் ஆபீஸில் கூட வேலை பார்க்கிறவரின் தம்பி துபாயில் கட்டட வேலை. அந்த மூன்று மாதமும் அவர் பிள்ளை வந்ததும் வராததுமாகப் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறதாம். அங்கே வெயில் தணிந்தால் இங்கே அந்த நேரத்து அழைப்பு நின்றுவிடும். வெயில்காலத்துக்காகக் காத்திருக்கிற குழந்தை உலகத்தில் வேறெங்கே இருக்கும்!

என் பொழுது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். ஆபீஸிலிருந்து வந்ததும் அடுப்படி. பிள்ளையோடு விளையாடவும் வேண்டும், குழம்பும் வைக்க வேண்டும் என்றால் இரண்டையும் ஒன்றாக்குவதைத் தவிர வழியில்லை. செட்டிகுளம் பக்கத்து வெங்காயம் பட்டறையிலிருந்து பிரிக்கிறபோது மூட்டையாக வாங்கிப் போட்டுவிடுவோம். தினமும் ஒரு கிண்ணம் உரிக்க வேண்டும். அவளும் பக்கத்தில் உட்காருவாள். வெங்காயத்தின் தலையைக் கிள்ளி நான் கொடுத்தால், மேல்தோலைச் சுரண்டிச் சுரண்டி எடுப்பாள். நான் ஒரு கிண்ணம் முடிக்கும்போது அவள் கையில் மூன்றாவது இருக்கும். உரித்ததில் ரெட்டை வெங்காயம் இருந்தால் அதை அக்கா, தங்கச்சி என்று தனியாக எடுத்து வைப்பாள்; குழம்பில் போட விடமாட்டாள். கண் எரிந்தால் முழங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடி உட்காருவாள். பால்வாடியில் நடந்ததெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். "இன்னைக்கு என்ன பண்ணுன?" என்று நேராகக் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள். கை வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கிறது. யார் அழுதது, ஆயா யாருக்கு முட்டையை முதலில் கொடுத்தார்கள், அவளுக்கு எதனால் பயம் வந்தது, எல்லாம். குழம்பு அரைமணி தாமதமாகும். ஆகட்டும்.

இப்போது எறையூர் சிப்காட்டில் காலணிக் கம்பெனி வந்து, 2023 முதல் சுற்றுக் கிராமத்துப் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். ஜெயங்கொண்டம் பக்கம் இன்னொன்றுக்கு 2024-இல் அடிக்கல் போட்டார்கள். பருத்திக்காட்டு வெயிலிலிருந்து கூரைக்குக் கீழே, மாதச் சம்பளம், பி.எஃப்.; எனக்கு இதில் மெய்யான சந்தோஷம். இந்தப் பெண்களில் நிறையப் பேர் சின்னப்பிள்ளைக்காரிகள். 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம், தாய் ஒரு நாளில் நாலு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வர உரிமை என்று எழுதினார்கள். மாநில அரசு வேலையில் இருக்கிற பெண்களுக்கு 2021 முதல் பன்னிரண்டு மாதம். இதெல்லாம் கேட்டு வாங்கியது. வேலைக்குச் சேரப்போகிற பெண்கள் என்னிடம் வந்து விசாரித்தால், சம்பளத்துக்கு அடுத்தபடியாகக் காப்பகம் எங்கே இருக்கிறது, வேலை செய்கிற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன். தூரமாக இருந்தால் நாலு முறை என்பது ஒரு முறையாகிவிடும்.

தகப்பனுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு நாள்கூட இல்லை. மத்திய அரசு ஊழியருக்குப் பதினைந்து நாள் உண்டு. தனியார் ஆலையில் வேலை பார்க்கிறவருக்குக் கம்பெனி மனசு வைத்தால்தான். பாப்பா பிறந்தபோது இவர் சக தொழிலாளிகளோடு ஷிப்ட் மாற்றி மாற்றித்தான் என் பக்கத்தில் இருந்தார். அவர்கள் இரட்டை ஷிப்ட் பார்த்துக் கொடுத்த நேரம் அது. போன மாதம் சங்கக் கூட்டத்தில், அடுத்த ஒப்பந்தப் பேச்சில் தகப்பனுக்கான விடுப்பையும் ஒரு கோரிக்கையாகச் சேர்க்கலாமே என்று இவர் எழுந்து கேட்டிருக்கிறார். "பெத்தது நீயா, ஒன் பொண்டாட்டியா?" என்று மூத்தவர் ஒருவர் சொல்ல, கூட்டம் சிரித்ததாம். பின்வரிசையிலிருந்து ஒரு பையன், கல்யாணமாகி ஒரு வருஷம்தான் இருக்கும், "என் பேரையும் சேத்துக்கங்கண்ணே" என்றானாம். அவனுக்குப் பக்கத்திலிருந்தவரும் கை தூக்கியிருக்கிறார். கோரிக்கையைத் தாளில் எழுதியாகிவிட்டது. எத்தனை நாள் என்று போடுவது என்பதில்தான் இன்னும் பேச்சு நடக்கிறது. பதினைந்து என்கிறார்கள் சிலர், ஒரு மாதம் என்கிறார் இவர்.