ஒரே பலகையின்மேல்

ஃபர்வானியாவில் எங்கள் ஃபிளாட்டின் ஹாலில் டைல்ஸ் தரை, அதன்மேல் மெத்தென்ற கார்பெட். இந்தக் கார்பெட்டால் வீட்டில் ஒரு சண்டை வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

கோடை விடுமுறை. வெளியே 50 டிகிரியைத் தொடும் வெயில். 10 வயது மகன் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறானே என்று, அல்ராய் வெள்ளிச் சந்தையிலிருந்து அவன் அப்பா பழைய ரேஸிங் ஸ்டியரிங் செட் ஒன்று வாங்கி வந்தார். ஸ்டியரிங்கை மேஜையில் இறுக்கினோம். பெடல்களைக் கார்பெட்டில் வைத்தோம். அவன் பிரேக்கை மிதித்ததும் பெடல் முன்னால் ஓடியது, சக்கர நாற்காலி பின்னால் ஓடியது.

"அம்மா, சேரைப் பிடிச்சுக்கிடுங்க!"

தினமும் இதே அழைப்பு. நைட் டியூட்டி முடித்து வந்த நானோ, "அப்புறம் மக்கா" என்பேன். ஒருநாள் அவன் கோபத்தில் பெடலை எட்டி உதைத்தான். "தூக்கிக் குப்பையில போட்டிருவேன்" என்று கத்தினேன். அவன் மெதுவாக, "நீங்க எப்பவும் அப்புறம்னுதான் சொல்லுதீங்க" என்றான். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரவு வார்டில் ஒரு நோயாளியைக் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றினோம். கட்டில், வீல்சேர் இரண்டின் பிரேக்கையும் போட்ட பிறகே ஆளைத் தூக்க வேண்டும். ஒன்று நகர்ந்தாலும் நடுவில் இடைவெளி விழும். நோயாளி அதில்தான் விழுவார். அப்போதுதான் புரிந்தது, வீட்டிலும் பெடலை மட்டும் நிறுத்திப் பயனில்லை என்று.

அதற்கு முன்பே ரப்பர் ஷீட் போட்டுப் பார்த்திருந்தோம். பெடல் ஷீட்டில் ஒட்டிக்கொண்டது, ஷீட் கார்பெட்டில் வழுக்கியது. சுவரோடு பெடலை முட்டுக்கொடுத்தோம். நாற்காலி பின்னால் போனது. கடைசியில் 5 அடி நீளம், 2 அடி அகலத்தில் 12 மில்லிமீட்டர் பிளைவுட் வெட்டி வாங்கினோம். வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, மூவருமாகப் பெடலை அதில் ஸ்குரூ போட்டு இறுக்கினோம். சக்கரமில்லாத சாப்பாட்டு நாற்காலியையும் அதே பலகையில் வைத்து, பின்கால்களுக்குப் பின்னே ஒரு கட்டையை அடித்தோம். இப்போது கால் முன்னே தள்ளுவதும் முதுகு பின்னே தள்ளுவதும் ஒரே பலகைக்குள் அடங்கிவிடுகின்றன. அவன் எடையே பலகையைக் கார்பெட்டில் அழுத்திப் பிடிக்கிறது.

மேஜைக் கால்கள் கார்பெட்டில் புதைந்து ஆடாதபடி அவற்றுக்கு அடியில் பலகைத் துண்டுகள். கேம் பெட்டியைக் கார்பெட்டில் வைத்தால் காற்று போகும் வழி அடைபடும், தூசியும் ஏறும். அதனால் அது ஸ்டூலில். வயரை கார்பெட்டுக்கு அடியில் விடவே கூடாது. மிதிபட்டு உள்ளே சேதமானால் தெரியாது, தீப்பிடிக்கலாம். சுவரோரமாக விட்டோம்.

மணலிலும் கன்மலையிலும் வீடு கட்டிய இருவரைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையைச் சிறுவயது முதல் கேட்டிருக்கிறேன். புயல் வரும்வரை இரண்டு வீடுகளும் ஒன்றுபோலத்தான் நின்றிருக்கும். வளைகுடாவில் நம் வீடுகளும் அப்படித்தான். அப்பாவுக்குப் பகல் வேலை, அம்மாவுக்கு இரவு வேலை, பிள்ளைக்குப் பள்ளி. எல்லாரும் குடும்பத்துக்காகத்தான் உழைக்கிறோம். ஆனால் அழுத்தம் வரும்போது ஆளுக்கொரு பக்கம் விலகிப் போகிறோம்.

மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். டியூட்டி நேரத்தைக் காரணம் காட்டி விட்டுப்போயிருந்த குடும்ப ஜெபத்தை, நான் வேலைக்குக் கிளம்புமுன் 10 நிமிடம் என்று மீண்டும் தொடங்கினோம். அதுவே எங்களுக்கு அந்தப் பலகை.

இப்போது நாற்காலியைப் பிடிக்க யாரும் தேவையில்லை. ஆனாலும் அவன் கூப்பிடுகிறான்: "அம்மா, சும்மா பக்கத்துல உக்காருங்க."

தம்பி தங்கைகளே, வீட்டில் உங்களிடம் யாராவது "அப்புறம்" என்றால் கோபித்துக்கொள்ளாமல் இன்னொரு முறை கூப்பிடுங்கள். பெற்றோரே, அந்த இரண்டாவது அழைப்புக்காவது எழுந்து போவோம்.