நோவில்லாத ஆட்டுக்கு எதுக்கு ஊசி?

இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1955இல், நம்ம வேலூர்ப் பக்கத்தில். பெயரில்தான் ஜப்பான். வைரஸைச் சுமக்கும் கொசு நம் நெல்வயலில் தேங்கும் தண்ணீரில் பிறக்கிறது. கியூலெக்ஸ் ட்ரைடீனியோரிங்கஸ் என்று வாயில் நுழையாத பேர். பொழுது சாய்ந்ததும் கடிக்கக் கிளம்பும். மனிதரைவிட மாட்டைத்தான் அதற்கு அதிகம் பிடிக்கும்.

இந்த வைரஸ் தொற்றிய சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் கடுமையாகிறது. கேட்க ஆறுதலாக இருக்கும். ஆனால் அந்த ஒருவர் பெரும்பாலும் ஒரு குழந்தை. கடுமையாக நோயுற்றவர்களில் 30 சதவீதம் வரை இறந்துபோகலாம். பிழைத்தவர்களிலும் பலருக்கு வலிப்பு, பேச்சிழப்பு, கைகால் முடக்கம் என்று ஏதாவது ஒன்று கடைசிவரை கூடவே வரும். ஒரு குழந்தை ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது, வைரஸ் அந்த ஊரில் எத்தனையோ பேரைத் தொட்டுவிட்டிருக்கும்.

என் தொழிலில் இதற்கு நேரான உதாரணம் உண்டு. சர்வர் படுத்துவிட்டது என்பது வாடிக்கையாளர் போன் செய்துதான் நமக்குத் தெரிகிறது என்றால், நாம் கண்காணிப்பே வைக்கவில்லை என்று அர்த்தம். கோளாறு முதலில் லாக் ஃபைலில் பதிவாகும். இந்த வைரஸுக்கு அப்படியொரு பதிவேடு ஆடுமாடுகளின் ரத்தம்.

பன்றியின் உடலிலும், கொக்கு, மடையான் போன்ற நீர்ப்பறவைகளின் உடலிலும் வைரஸ் ஏராளமாகப் பெருகும். அவற்றைக் கடிக்கும் கொசு வைரஸை வாங்கிக்கொள்ளும். ஆட்டிலும் மாட்டிலும், மனிதரிலும்கூட, அந்த அளவுக்குப் பெருகாது. அங்கே பாதை முடிந்துவிடுகிறது. ஆனால் ஆட்டின் உடல் வைரஸைப் பார்த்ததை மறக்காது. எதிர்ப்புரதம் உண்டாக்கி வைத்துக்கொள்ளும். ஆடு மேய்ந்துகொண்டு, குட்டி போட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கும்.

கொக்கைப் பிடிக்க வலை வேண்டும், வனத்துறை அனுமதி வேண்டும். சிறகு நரம்பில் சில துளி ரத்தம் எடுத்துப் பறக்கவிட்டால், அதே கொக்கை மறுபடி எங்கே தேடுவது? ஆடு சாயங்காலம் அதே பட்டிக்குத் திரும்பி வரும். எதிர்ப்புரதம் இல்லாத இளங்குட்டியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தம் எடுத்துக்கொண்டே வந்தால், போன முறை இல்லாதது இந்த முறை தெரியும்போது வைரஸ் எப்போது வந்தது என்று சொல்லிவிடலாம். மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் கடலூர் மாவட்டக் கிராமங்களில் ஆடுகளையும் கொசுக்களையும் சேர்த்தே இப்படித் தொடர்ந்து பார்த்தது. அந்த ஆய்வு 2003இல் வெளியானது.

ஒரு சிக்கல் உண்டு. டெங்கு, வெஸ்ட் நைல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மூன்றும் பங்காளி வைரஸ்கள். ஒன்றுக்கு உண்டான எதிர்ப்புரதம் இன்னொன்றின் சோதனையிலும் ‘இருக்கு’ என்று காட்டிவிடும். அதனால் ரத்தநீரை உயிருள்ள வைரஸோடு கலந்து, செல்கள் மேல் விட்டு, எந்த வைரஸை அது முடக்குகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. நாள்கணக்கில் ஆகும் வேலை, பாதுகாப்பான ஆய்வகமும் வேண்டும். முதல் சோதனையை மட்டும் வைத்து ஊரைப் பயமுறுத்துவது தப்பு.

எங்கள் ஊர் பண்ணைப்புரம். மேற்கே மலை. கிழக்கே இறங்கினால் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க 14,707 ஏக்கர் இருபோக நெல். நெல், தேங்கிய நீர், கொக்கு, கொசு, மாடு எல்லாம் ஒரே இடத்தில். ஆடு வளர்க்கும் என் சித்தப்பாவிடம் இதையெல்லாம் விளக்கினேன்.

“நோவுநொடி இல்லாத ஆட்ட எதுக்குடா குத்தணும்?”

“வைரஸ் ஊருக்குள்ள வந்துருக்கான்னு பாக்கத்தான் சித்தப்பா.”

“சரி, பாத்துட்டு யார்ட்ட சொல்லுவாங்க? எங்கிட்டயா?”

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைக் கேட்டார். “அவரு ஆட்டுக்கு ஏதோ சீக்காம்னு பேச்சு கெளம்புச்சுன்னா சந்தையில எவன் வாங்குவான்? மலைக்கு மாடு பத்துறதுக்கே கோர்ட்டு, கேசுன்னு கெடக்கு.”

2022இல் சென்னை உயர் நீதிமன்றம் வனங்களில் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம் போன்ற இடங்களுக்கு என்று சுருக்கிய கதையைத்தான் சொல்கிறார். மலைமாடு வைத்திருக்கும் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு, கையில் நோட்டோடு வருகிற எவரும் எதையோ பறிக்க வருபவர்தான். ஊசியையும் அதே கணக்கில் சேர்க்கிறார். அதை அறியாமை என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை.

ஆட்டிலிருந்து எடுப்பது சில மில்லி ரத்தம். அதில் தெரியவரும் செய்தி கட்டுரையாகும், வரைபடமாகும், திட்டமாகும். 2006இல் தொடங்கிய குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்திலும், நோய் நிலைகொண்ட மாவட்டங்கள்தான் சேர்க்கப்பட்டு வந்திருக்கின்றன. ஆக, ஆட்டின் ரத்தம் உண்மையிலேயே ஒரு பிள்ளையைக் காப்பாற்றக்கூடும். ஆனால் பட்டிக்காரருக்குத் திரும்பி வருவது என்ன?

வரவேண்டியது இரண்டே வரிதான். உங்க ஆட்டுக்கு ஒண்ணுமில்ல, தாராளமா விக்கலாம். ஆனா வைரஸ் இந்தப் பக்கம் வந்திருக்கு, பொழுது சாஞ்சா பிள்ளைகள கொசுவலைக்குள்ள படுக்க வைங்க, காய்ச்சலோட வலிப்பு வந்தா வீட்டுல வச்சுப் பாக்காதீங்க. இதைத் தாளில் எழுதாமல் நேரில் வந்து, அவர் பேசுகிற தமிழில் சொல்ல வேண்டும். அப்படி ஒருமுறை சொல்லிவிட்டுப் போனால், அடுத்த முறை ஊசியோடு வருபவருக்கு ஆட்டைப் பிடித்துக் கொடுப்பது அவராகத்தான் இருக்கும்.